ஈ நடந்து போன அரங்கம்

ஜனவரி 9

என் அக்காள் பெற்ற அருமை வாயாடிக்கு,

மாமன் எழுதுவது. இங்கே என் உடம்பு தேக்குமரம். பல் டாக்டர் ஒருவர்தான் மாற்றுக் கருத்து சொல்கிறார். அது அவர் பிழைப்பு. உன் உடம்பு, சாப்பாடு, தூக்கம் மூன்றையும் பற்றித் தனித்தனியாக எழுது. 'நல்லா இருக்கேன்' என்று மொத்தமாக எழுதி ஏமாற்றாதே. அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உனக்கு விளம்பரக் கம்பெனியில் வேலை என்று தெரிந்து நான் துள்ளிய துள்ளலில் கீழ்வீட்டுக்காரர் விட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாராம். ஐந்து வயதில் உடைந்த பொம்மையை, 'இதுக்குக் கை மட்டும்தான் இல்ல, மத்தபடி புத்தம் புதுசு' என்று அடுத்த வீட்டுப் பிள்ளையின் தலையில் கட்டியவள் நீ. உன்னைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு இத்தனை வருஷம் ஆயிற்றே என்பதுதான் என் வருத்தம்.

அரங்கத்து நம்பருக்கு மூன்று தடவை போன் செய்தாயாம், நான் வரவில்லையாம். டெலிபோன் அவசரக்காரர்களின் கருவி, மருமகளே. 'ஹலோ, ஹலோ' என்பதிலேயே பாதி ஆயுள் போய்விடுகிறது. என்னைப் போன்ற உரைநடை வேந்தனுக்குக் காகிதம்தான் சிம்மாசனம். எழுது.

நேற்று இங்கே வயலின். எண்ணூறு நாற்காலி, எண்ணூறு பேர். நான் பின்சுவரை ஒட்டிய கூண்டில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் முன்னால். அந்த அம்மையார் வாசித்து முடித்து வில்லைத் தாழ்த்தினார். அப்படி ஒரு நிசப்தம்! முதல் வரிசையிலிருந்து ஓர் ஈ பறக்கக் கிளம்பியது. பிறகு வெட்கப்பட்டுத் தரையிறங்கி, நடந்தே வாசலுக்குப் போனது. பொய்யென்றால் என் மீசை உதிரட்டும்.

இப்படிக்கு,
நானூறு பொத்தான்களின் சக்கரவர்த்தி,
உன் மாமன்


ஜனவரி 30

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உத்தரவுப்படி: உடம்பு நன்று, சாப்பாடு கேன்டீனில், ஆகவே அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தூக்கம் குறைவு. அம்மாவின் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது. உங்கள் பல் எப்படி இருக்கிறது?

வேலை இன்னும் நிரந்தரமில்லை மாமா. ஆறு மாதம் பார்ப்பார்களாம். தேறினால் நாற்காலி, இல்லாவிட்டால் வாசல். எங்கள் தலைவரை எல்லோரும் 'பெரிய கண்ணாடி' என்பார்கள். எழுதிக் கொடுத்ததை ஒரு வரி படிப்பார், பந்தாகச் சுருட்டுவார், கூடையில் போடுவார். குறி தப்பினதே இல்லை.

யோசனை ஊறட்டும் என்று போன வாரம் எங்களை ஓர் ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார். ஒரு நீலச் சதுரத்தின் முன்னால் நாற்பது நிமிடம் நின்றோம். "என்னம்மா தோணுது?" என்றார். "கால் வலிக்குது சார்" என்றேன். அதற்கு மறுநாள் ஒரு பாட்டுக் கச்சேரி. அங்கேயும் எனக்கு ஒன்றும் ஊறவில்லை. என்ன பொருளுக்கு எழுதுகிறேன் என்று வெளியே சொல்லக் கூடாதாம். அதனால் உங்களிடமும் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தை ஏழு முறை படித்தேன். அரங்கத்தைப் பற்றி நிறைய எழுதுங்கள். அந்த நிசப்தத்தைப் பற்றி.

அன்புடன்,
வாயாடி


பிப்ரவரி 12

வாசகங்களின் வருங்கால மகாராணிக்கு,

தேக்குமரம் இன்னும் நிற்கிறது. ஒரு பல் மட்டும் விடைபெற்றது. அக்காவிடம், மாடிப்படி அவளைப் பார்த்துப் பயப்படுவதாகச் சொல்.

ஏழு முறை படித்தாயா? இனி என் கடிதங்களைக் கல்லில் வெட்டித்தான் அனுப்பவேண்டும்.

நிசப்தம் கேட்டாய், அள்ளிக்கொள். சென்ற ஞாயிறு புல்லாங்குழல். முதல் வரிசையில் ஒருவர் கண் சிமிட்டினார்; கடைசி வரிசை முழுவதும் திரும்பி 'உஷ்' என்றது. முந்தாநாள் நாடகம். ஒரு பெண்மணியின் கைப்பையிலிருந்து ஊசி விழுந்தது. விழும் வழியில் அது மன்னிப்புக் கேட்டது. வரவர இந்த அரங்கம் மௌனத்தில் முனிவர்களையே தோற்கடிக்கிறது.

ஆனால் ஒரு சந்தேகம். என் பக்கத்து நாற்காலியில் விளக்குகளைக் கவனிக்கும் அம்மணி இருக்கிறாளே, அவள் போக்கு சரியில்லை. நிகழ்ச்சி நடுவில் திடீரென்று என் தோளில் தட்டுகிறாள். நான் ஒரு பொத்தானைத் திருப்புகிறேன். அவள் தலையாட்டிவிட்டு ஒன்றும் அறியாதவள்போல் மேடையைப் பார்க்கிறாள். என் நாற்காலிக்குக் குறிவைக்கிறாள் என்றுதான் படுகிறது. நிற்க.

இப்படிக்கு,
ஒற்றர் சூழ வாழும்,
உன் மாமன்


மார்ச் 20

அன்பு மருமகளுக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். நலமா? நான் எழுதி ஐந்து வாரம் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போகட்டும். இங்கே பகல் கொள்ளை நடந்திருக்கிறது.

அரங்கத்துக்கு எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. நேற்றுக் காலை அதில் ஒரு மின்விசிறிப் படம் ஏறியது. அதன் கீழே, என் தலையைவிடப் பெரிய எழுத்தில்: 'இந்த வீட்டில் ஈகூட நடந்துதான் போகும்.'

என் ஈ, மருமகளே! நான் பெற்று வளர்த்து, வெட்கம் சொல்லிக்கொடுத்து அனுப்பிய ஈ!

மூன்று பேர் மேல் சந்தேகம். ஒன்று, முடிவெட்டுகிறவர். அவரிடம் நான் பேசாத பேச்சில்லை. இரண்டு, விளக்கு அம்மணி. மூன்று, தபால்காரர். உன் கடிதத்தைத் தரும்போது அவர் மீசை ஒருபக்கமாகத் தூக்குகிறது. உள்ளே படித்தவனுக்குத்தான் மீசை அப்படித் தூக்கும்.

நீ அந்தத் தொழிலில் இருப்பவள். யார் இந்த விசிறிக்கு எழுதியது என்று விசாரித்துச் சொல். மானம் காத்த புண்ணியம் உனக்கு.

இப்படிக்கு,
ஈயைப் பறிகொடுத்த,
உன் மாமன்


ஏப்ரல் 11

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா இப்போது இரண்டு தெரு நடக்கிறாள். தாமதத்துக்கு மன்னியுங்கள், வேலை கழுத்தை நெரிக்கிறது.

ஈ விஷயம் தற்செயலாக இருக்கலாம். இந்தத் தொழிலில் ஒரே யோசனை நாலு பேருக்கு வரும். விசாரிக்கிறேன். பாவம், தபால்காரரை ஏன் சந்தேகப்படுகிறீர்கள்?

அம்மா ஒன்று சொன்னாள். "உன் மாமன் சின்ன வயசுல போன் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே ஓடுவான்டி. ராங் நம்பரோட அரைமணி நேரம் பேசுவான். இப்ப என்னடி ஆச்சு அவனுக்கு?" நானும் கேட்கிறேன். என்ன ஆச்சு?

நேரம் கிடைத்தால் அரங்கத்தைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
வாயாடி


ஏப்ரல் 24

துப்பறியும் மருமகளுக்கு,

அக்கா இரண்டு தெரு நடந்தாளா? ஊர்வலம் என்று நினைத்துப் போலீஸ் வந்திருக்குமே. நான் சுகம்.

போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது சுவரில் பத்திரமாகத் தொங்குகிறது. அந்தப் பேச்சு போதும்.

அரங்கச் செய்தி கேட்டாய். நேற்று மதியம், நிகழ்ச்சிக்கு முன், காலி அரங்கில் நடுப்பாதையில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஏதோ விழுந்த சத்தம். திரும்பிப் பார்த்தால், என் நிழல்! என் நிழல் தரையில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது என்றால் அந்த அமைதியை நீயே எடை போட்டுக்கொள்.

இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். உறையின் நாலு ஓரமும் பசை. பத்திரம்.

இப்படிக்கு,
நிழலுக்கும் அஞ்சாத,
உன் மாமன்


ஜூன் 2

அன்பு வாயாடிக்கு,

அங்கே எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். சுகமில்லாதவர்கள் உடனே பதில் போடுவார்கள்.

முந்தாநாள் மதிய நிகழ்ச்சியை நீ பார்த்திருக்க வேண்டும். ஊரே கொண்டாடும் பாடகர். கடைசி நாற்காலி வரை நிரம்பி, வழியில் ஸ்டூல் போட்டோம். விளக்கு அம்மணி மூன்று நாள் லீவு. தோளில் தட்ட ஆளில்லை, அப்பாடா! நான் தனிக்காட்டு ராஜா.

அவர் உச்சத்தில் குரலை ஏற்றி நிறுத்தினார். மருமகளே, முப்பத்தோரு வருஷத்தில் நான் இப்படி ஒரு பரவசத்தைக் கண்டதில்லை. முன்வரிசையில் ஆரம்பித்து, அலைபோல, ஜனங்கள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்கள்! ஒரு குழந்தை அழுதேவிட்டது. மேனேஜர் ஓடி வந்து என் பக்கத்தில் நின்று தானே பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் ஆனந்தம் தாங்கவில்லை போலிருக்கிறது.

அதற்கப்புறம் எல்லோரும் என்னிடம் மிகுந்த மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். மேனேஜர் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். எனக்குத்தான் அது கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

அக்காவின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
தனிக்காட்டு ராஜா,
உன் மாமன்


ஜூலை 6

மருமகளுக்கு,

நலம் விசாரித்ததாக வைத்துக்கொள். திருடன் பிடிபட்டான்.

நான் ஒரு பொறி வைத்திருந்தேன். ஏப்ரலில் மூன்று பொய் தயாரித்தேன். முடிவெட்டுகிறவரிடம், அரங்கில் ஒருவர் விட்ட கொட்டாவி மறுநாள்தான் வெளியே வந்தது என்றேன். விளக்கு அம்மணியிடம், மேடைத் திரைச்சீலை செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியது என்றேன். அவள், "அண்ணே, தூங்குங்கண்ணே, கண்ணெல்லாம் செவந்திருக்கு" என்றாள். மூன்றாவது, நிழல் விழுந்த சத்தம். அது உன் கடிதத்தில் மட்டும். எந்தப் பொய் பலகையில் ஏறுகிறதோ, அந்த வழியில் திருடன்.

இன்று காலை விசிறிப் பலகையை மாற்றினார்கள். 'உங்கள் நிழல் விழும் சத்தம் கேட்கும் அமைதி.' படம்கூட நன்றாகத்தான் இருக்கிறது, பாழாய்ப் போக.

ஆக, கடிதம் வழியாகத்தான் போயிருக்கிறது. அந்த உறையைத் தொட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் தபால்காரர். இன்னொருவரை என் கையால் தூக்கி வளர்த்திருக்கிறேன், எனவே அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. தபால்காரர் மேல் மேலதிகாரிக்கு நாலு பக்கப் புகார் எழுதி மேஜையில் வைத்திருக்கிறேன். இருபது வருஷமாக மழையிலும் வெயிலிலும் வருகிற மனுஷன், வேலை போகும். வருகிற திங்களுக்கு அடுத்த திங்கள் அனுப்புவேன். அதற்குள் உனக்கு ஏதாவது அபிப்பிராயம் இருந்தால் எழுது.

மாமன்


ஜூலை 10

மாமா,

புகாரை அனுப்பாதீர்கள். கிழித்துவிடுங்கள். நான்தான்.

ஈயும் நான்தான், நிழலும் நான்தான். பெரிய கண்ணாடி நான் எழுதிய அறுபத்திரண்டு தாளைச் சுருட்டிப் போட்டார். அறுபத்து மூன்றாவது தாளில் உங்கள் ஈயை எழுதிக் கொடுத்தேன். சுருட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எங்கேருந்தும்மா வருது உனக்கு?" என்றார். "யோசிச்சேன் சார்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கப்புறம் உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. ஏப்ரலில் 'விசாரிக்கிறேன்' என்று எழுதினேன் பாருங்கள், அதைத்தான் என்னாலேயே மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றும் மறைத்திருக்கிறேன். நேரில் சொல்லிவிட வேண்டும் என்று மே முப்பத்தொன்றாம் தேதி மதியம் வந்தேன். பதினான்காவது வரிசையில் இருந்தேன், மாமா. அவர் குரலை ஏற்றியபோது மைக் வீறிட்டது. கீ... என்று, பல் கூசும்படி, ஒரு நிமிடத்துக்கும் மேலே. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நானும் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கூண்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள். என் பக்கத்தில் இருந்தவர், "சவுண்டுக்காரன் என்ன செவிடா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் கோபம் போய்விட்டது. அதுதான் பயமாக இருந்தது. உங்களைப் பார்க்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகுதான் உங்கள் ஜூன் கடிதம் வந்தது. 'தலையைப் பிடித்துக்கொண்டார்கள்' என்று எழுதியிருந்தீர்கள்.

நிழல் பலகைக்கு நான் எழுதிக் கொடுத்தது மே மாதம் முதல் வாரம். தெரிந்த பிறகு உங்கள் ஒரு வரியைக்கூட எடுக்கவில்லை. நாளைக் காலை பெரிய கண்ணாடியிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன்.

எவ்வளவு நாளாக, மாமா?

வாயாடி


ஆகஸ்ட் 14

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. கோபமாக இருந்தால் திட்டியாவது எழுதுங்கள். அம்மா தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். முழங்காலைப் பற்றி அவளே மறந்துவிட்டாள்.

தலைவரிடம் சொன்னேன். கையிலிருந்த தாளைச் சுருட்டாமல் கீழே வைத்தார். பிறகு, "உங்க மாமாவ வேலைக்கு எடுத்துக்கலாமா?" என்றார். அது வேடிக்கையில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. என் ஆறு மாதத்தோடு இன்னும் மூன்று மாதம் சேர்த்திருக்கிறார். "இனிமே எழுதறது உன்னோடதா இருக்கட்டும். மோசமா இருந்தாலும் பரவால்ல" என்றார். மோசமாகத்தான் எழுதுகிறேன். கூடை நிரம்புகிறது.

எனக்குப் பதில் போடாவிட்டாலும், காது டாக்டரிடம் போங்கள்.

வாயாடி


செப்டம்பர் 3

என் அக்காள் பெற்ற திருடிக்கு,

மாமன் எழுதுவது. உடம்பு தேக்குமரம், காது மட்டும் செல்லரித்தது. அதைத்தான் இரண்டு வருஷமாக நலம், நலம் என்று எழுதி மூடிவந்தேன்.

கீழ்ச்சத்தம் கேட்கும், மேலே போகப் போக மறைந்துவிடும். போனில் உன் குரல் முதலில் போயிற்று. சின்னப் பிள்ளையிலிருந்தே உனக்குக் கீச்சுக் குரல், நான் என்ன செய்வது? அரங்கத்தில் மீட்டர் முள்ளைப் பார்த்தும், முன்வரிசை முகங்களைப் பார்த்தும் சமாளித்தேன். நெற்றி சுருங்கினால் குறைப்பேன், கழுத்து முன்னால் நீண்டால் கூட்டுவேன். மைக் வீறிட்டால் விளக்கு அம்மணி தோளில் தட்டுவாள். அது எங்களுக்குள் ஏற்பாடு. அவளை ஒற்றர் என்று உனக்கு எழுதியது நான் செய்த பெரிய துரோகம். அவள் லீவு போட்ட அன்று மாட்டிக்கொண்டேன். தலையைப் பிடித்தவர்கள் காதைத்தான் பிடித்தார்கள் என்பது உனக்கு எழுதிய ஜூன் கடிதத்தை ஒட்டும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒட்டினேன்.

தபால்காரர் மேல் புகார் எதுவும் எழுதவில்லை. மேஜையில் இருந்தது வெற்றுத்தாள். ஈ பலகையில் ஏறிய அன்றே எனக்கு உன்மேல்தான் சந்தேகம். நீ வாய் திறக்கவேண்டும் என்று காத்திருந்தேன். நீ உன் கதவைத் திறந்த கையோடு என் கதவையும் திறந்துவிட்டாய். அதனால்தான் கிட்டத்தட்ட இரண்டு மாதம் பதில் வரவில்லை. கோபம் இல்லை, கூச்சம்.

ஒன்று சொல்கிறேன். அந்த நிசப்தமெல்லாம் அரங்கத்தில் இருந்ததே இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு சத்தம் குறைந்தது. பயமாக இருந்தது. பயத்தைப் பயம் என்று எழுத எனக்கு வராது, நீ அறிவாய். அதற்குத் தலைப்பாகை கட்டி உனக்கு அனுப்பினேன்.

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். "எங்களுக்குத் தெரியும்ணே. நீங்களா சொல்லணும்னுதான் இருந்தோம்" என்றார். அப்போது குடித்த தேநீரில் சந்தேகம் இல்லை. காதில் ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். மூன்று மாதம் பார்ப்பார்களாம். தேறினால் நாற்காலி, இல்லாவிட்டால் வாசல். இந்த வாக்கியத்தை உன்னிடமிருந்து எடுத்தேன், கணக்கு நேர்.

கருவியோடு அரங்கத்துக்குப் போனேன். மருமகளே, இது சந்தை! இருமுகிறார்கள், காகிதம் பிரிக்கிறார்கள், ஐந்தாம் வரிசையில் ஒரு நாற்காலி பன்றிக்குட்டிபோல் கத்துகிறது. விளக்கு அம்மணி இப்போது தட்டுவதில்லை. தோள் ஒருபக்கம் லேசாக இருக்கிறது. வீட்டுக்கு வந்தால், என் விசிறி கடகடகட என்று அடிக்கிறது. கீழ்வீட்டுக்காரரைக் கேட்டேன். "ரெண்டு வருஷமா அப்படித்தாங்க. நீங்க ரசிக்கிறீங்கன்னு நெனச்சேன்" என்கிறார். எனக்கு உன் விசிறி ஒன்று வேண்டும். விளம்பரம் நன்றாக இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அரங்கத்து நம்பருக்குப் போன் செய். கீழே இறக்கிப் பேசாதே. உன் கீச்சுக் குரலிலேயே பேசு. மோசமாக எழுதியதையெல்லாம் படித்துக் காட்டு. முழங்காலைக் கேட்டேன் என்று அக்காவிடம் சொல். அவளையும் பேசச் சொல்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஓர் ஈ வந்தது. மூக்கின்மேல் உட்கார்ந்தது, எழுந்தது, வலது காதை ஒரு சுற்றுச் சுற்றியது. நடக்கவில்லை, மருமகளே. பறந்தது. என்ன சத்தம்! பேனாவை வைத்துவிட்டு அது ஜன்னல் வழியே போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
பட்டங்கள் எதுவும் இல்லாத,
உன் மாமன்